லிங்கன் எழுதாத கடிதம்

பிப்ரவரி 12 ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள். அதையொட்டி ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த வாரம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் ஆசிரியர் அறையில், லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஆண்டு விழாவில் ஒரு மாணவியை அதை வாசிக்கச் சொல்லப் போகிறேன். எப்படித் தொடங்கினால் கூட்டம் கவனிக்கும்?
— ஆசிரியை, ஒட்டன்சத்திரம்

"இதை லிங்கன் எழுதவில்லை" என்று தொடங்கச் சொல்லுங்கள். கூட்டம் நிச்சயம் கவனிக்கும்.

லிங்கன் எழுதியதும் பேசியதும் தேடித் திரட்டப்பட்டு 1953-ல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தன. வழக்குக் குறிப்பு, தந்தி, இரண்டு வரிச் சிபாரிசுச் சீட்டு வரை அவற்றில் உண்டு. இந்தக் கடிதம் இல்லை. இதன் மூலப் பிரதியைப் பார்த்தவரும் இல்லை. கருத்து நல்லதாயிற்றே என்பீர்கள். நேர்மையைப் பற்றிப் பேசும் கடிதத்தின் அடியில் பொய்க் கையெழுத்து இருக்கலாமா? சட்டத்தைக் கழற்ற வேண்டாம். கீழே இருக்கும் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் அவர் மாணவர் யாருக்கும் கடிதமே எழுதியதில்லையா?
— பிளஸ் டூ மாணவர், கடலூர்

எழுதியிருக்கிறார் தம்பி. உனக்கே எழுதியது போல ஒன்று இருக்கிறது.

அவருடைய மூத்த மகன் ராபர்ட், 1859-ல் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வில் தோற்றுப்போனான். ஓராண்டு வேறொரு பள்ளியில் படித்துத் தயாராகி, மறு ஆண்டு இடம் வாங்கினான். அந்த 1860-ல் அவனுடைய நண்பன் ஜார்ஜ் லேத்தம் தோற்றான். செய்தி தெரிந்ததும் லிங்கன் அந்தப் பையனுக்குக் கடிதம் எழுதினார். தேதி ஜூலை 22. அப்போது அவர் குடியரசுத் தலைவர் தேர்தல் வேட்பாளர். நாடே இரண்டாகப் பிளக்கும் நிலையில் இருந்த அந்த வேளையில், ஊர்ப் பையன் ஒருவனுக்குத் தேர்வு போய்விட்டதே என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மனம் உடைந்துவிடாதே, ஹார்வர்டிலேயே சேர்ந்து படித்து முடிக்க உன்னால் முடியும், முயற்சியைத் தொடங்கிவிட்டாய், இனி வென்றே தீரவேண்டும் என்கிறார். அறிவுரையைவிட அதிலிருக்கும் அக்கறைதான் என்னைத் தொடுகிறது. பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் பள்ளிச் சுவரில் ஒட்டவேண்டிய கடிதம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டிலிருந்து கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி, "உங்கள் முகம் ஒல்லியாக இருக்கிறது, தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும்" என்ற பொருளில் அவருக்கு எழுதினாள். நான்கே நாளில் அவர் பதில் போட்டார். இதுவரை தாடி வைத்ததில்லை, இப்போது தொடங்கினால் ஊர் சிரிக்காதா என்று அவளிடமே யோசனை கேட்டார். வளர்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. 1861 பிப்ரவரியில் பதவியேற்க ரயிலில் போகும்போது வெஸ்ட்ஃபீல்டில் இறங்கி, கூட்டத்தில் அந்தப் பெண்ணைத் தேடினார். முகத்தில் தாடி இருந்தது.

பதவியேற்ற முதல் நாள் செனட்டில் ஒருவர், "உன் அப்பா தைத்த செருப்பு என் காலில் இருக்கிறது" என்று இழிவுபடுத்த, லிங்கன் சொன்ன பதிலைப் பட்டிமன்றங்களில் கேட்டிருக்கிறேன். நிகழ்ச்சி உண்மையா?
— வங்கி ஊழியர், தஞ்சாவூர்

இல்லை. அவருடைய அப்பா தாமஸ் லிங்கன் தச்சர், விவசாயி. செருப்புத் தைத்தவர் அல்ல. 1861 மார்ச் 4 அன்று லிங்கன் பதவியேற்று உரையாற்றியது நாடாளுமன்றக் கட்டடத்தின் கிழக்கு முகப்பில், திறந்தவெளியில், பெருங்கூட்டத்தின் முன்னால். செனட்டர் எவரும் எழுந்து குறுக்கிட்டதாகப் பதிவு இல்லை.

உழைப்பவரை உயர்த்திப் பேசுகிற கதை என்பதால் மேடைகள் அதை விடமாட்டேன் என்கின்றன. உண்மைக் கதை இன்னும் கனமானது. சிறுவனை அப்பா அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு மரம் வெட்டவும் வேலி அடிக்கவும் கூலிக்கு அனுப்பினார். 21 வயது வரை மகனின் கூலி அப்பாவுக்கே என்பது அன்றைய வழக்கம். அப்பாவும் பிள்ளையும் கடைசிவரை நெருங்கவில்லை. 1851-ல் தாமஸ் இறந்தபோது மகன் அடக்கத்துக்குப் போகவில்லை. லிங்கனை வளர்த்து, படிக்க விட்டவர் சிற்றன்னை சேரா. பெற்ற தாய் நான்சி, அவருக்கு 9 வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். நச்சுச் செடி மேய்ந்த மாட்டின் பாலால் வந்த நோய். இந்த வீட்டைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் வீடுகளிலும் இப்படிப் பாதிப் பேச்சும் பாதி மௌனமும் இருக்கும்.

லிங்கன் பள்ளிக்கூடமே போகவில்லையாமே. நான் மட்டும் ஏன் போகணும்?
— ஏழாம் வகுப்பு மாணவன், அருப்புக்கோட்டை

போனார். எல்லாம் கூட்டினால் ஓராண்டு தேறாது என்று அவரே எழுதியிருக்கிறார், வருத்தத்தோடு. விட்டுப்போனதை ஈடுகட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து வந்த பிறகு, நாற்பது வயதில், யூக்ளிடின் வடிவகணிதப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். நீ இப்போதே படித்துவிட்டால் நாற்பதில் வேறு வேலை பார்க்கலாம்.

1831-ல் வியாபாரத்தில் தோல்வி, 1832-ல் தேர்தலில் தோல்வி என்று ஒரு பட்டியல் வைத்துத்தான் என் தன்னம்பிக்கை வகுப்பைத் தொடங்குவேன். அதையும் பொய் என்று சொல்லிவிடாதீர்கள்.
— பயிற்சியாளர், ஈரோடு

முழுப் பொய் இல்லை, பாதி மெய். அந்தப் பட்டியல் விட்டுவிட்ட வரிகளைச் சொல்கிறேன். 1833-ல் நியூ சேலம் ஊரின் தபால் அதிகாரி. 1834, 36, 38, 40 என நான்கு முறை இல்லினாய் சட்டமன்றத்துக்குத் தேர்வு. 1846-ல் நாடாளுமன்றத் தேர்தலில் வெற்றி. 1849-ல், மணல்திட்டில் தட்டி நிற்கும் படகைத் தூக்கிவிடும் கருவிக்குக் காப்புரிமை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களில் காப்புரிமை பெற்றவர் இவர் ஒருவரே. ரயில்வே கம்பெனிக்காக ஒரே வழக்கில் 5,000 டாலர் கட்டணம் வாங்கிய வழக்கறிஞர்.

வெற்றிகளை ஒளித்துத் தோல்விகளை மட்டும் அடுக்கினால், ஏதோ அதிர்ஷ்டக் காற்று ஒரே நாளில் அவரை வெள்ளை மாளிகையில் கொண்டுபோய்ப் போட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். முப்பது வருடம் அவர் தொழில் கற்றார். அதைச் சொல்லுங்கள்.

"லிங்கன் அடிமைகளை விடுவித்தார்." தேர்வுக்கு இந்த ஒரு வரி போதுமா?
— வரலாற்று ஆசிரியர், திருவாரூர்

தேர்வுக்குப் போதும். பிள்ளைகளுக்குப் போதாது.

1860-ல் அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். அவர்கள் யாரோ வந்து விடுவிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய மறு மாதமே, 1861 மே 23 இரவில், வர்ஜீனியாவில் மூன்று பேர் படகு வலித்து வடக்கு ராணுவத்தின் மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட். எதிரியின் உடைமை என்று கணக்குக் காட்டி, அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார் கோட்டைத் தளபதி. வாசல் திறந்தது. பின்னால் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால் ஓடி வந்தது. இந்த மூன்று பெயர்களையும் கரும்பலகையில் லிங்கன் பெயருக்கு மேலே எழுதச் சொல்வேன்.

இனி லிங்கன். அடிமைமுறை தவறு என்பதில் அவருக்கு எப்போதும் ஐயம் இருந்ததில்லை. கறுப்பரும் வெள்ளையரும் சமம் என்பதில் இருந்தது. 1858-ல் இல்லினாயின் சார்ல்ஸ்டன் மேடையில், இரு இனத்துக்கும் சம அரசியல் உரிமை தருவதை நான் ஆதரிக்கவில்லை என்று பேசினார். 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் நஷ்டஈடு உண்டு, ஒரு ஆளுக்கு 300 டாலர் வரை. யாருக்கு? எஜமானர்களுக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்து கறுப்பினப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, உங்கள் மக்கள் மத்திய அமெரிக்காவில் போய்க் குடியேறலாமே என்றார். அடிமையாயிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸ், தன் பத்திரிகையில் அதைக் கடுமையாகத் தாக்கினார்.

1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனம் வந்தது. அதிலும் ஒரு வரம்பு இருந்தது. கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே அது செல்லும். வடக்கோடு நின்ற கென்டக்கி, மேரிலாந்து, மிசௌரி, டெலவேர் மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. காரணம், போர்க்காலப் படைத்தலைவர் என்ற அதிகாரத்தை வைத்துத்தான் அவர் அதை எழுதினார். எதிரி நிலத்துக்கு வெளியே அந்த அதிகாரம் நிற்காது. ஆனால் அதே தாள் கறுப்பினத்தவர் ராணுவத்தில் சேரவும் வழிவிட்டது. சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்தம். 1864 வரை சண்டை போட்டுத்தான் சம ஊதியம் பெற்றார்கள்.

அவர்கள் போரிட்டதைப் பார்த்து லிங்கன் மாறினார். அதுதான் பாடம் என்று நான் நினைக்கிறேன். அவர் பிறவியிலேயே மகான் என்று சொல்லிக்கொடுத்தால் அந்த மாற்றம் கண்ணில் படாது. அவர் வெறும் அரசியல் கணக்குப் போட்டவர் என்று சொன்னாலும் படாது. பிரகடனம் போர் முடிந்தால் செல்லாமல் போகலாம் என்று அறிந்து, அடிமைமுறையை நாடு முழுக்க ஒழிக்கும் 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வாக்குகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். 1865 ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்று அது கீழவையில் நிறைவேறியது. மாநிலங்கள் ஏற்று அது சட்டமானது டிசம்பரில். அதைப் பார்க்க அவர் இல்லை.

38 செவ்விந்தியர்களைத் தூக்கிலிட்டது லிங்கன்தான் என்று என் மகள் எங்கோ படித்துவிட்டு அவரை வெறுக்கிறாள். என்ன சொல்ல?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

உண்மைதான் என்று முதலில் சொல்லுங்கள் அம்மா. 1862-ல் மின்னசோட்டாவில் டகோட்டா மக்களுக்கு அரசு தரவேண்டிய பணம் வராமல், பசியும் கோபமும் போராக வெடித்தது. குடியேறியவர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ராணுவ விசாரணை அவசர அவசரமாக நடந்து, 303 பேருக்குத் தூக்கு விதித்தது. சில வழக்குகள் சில நிமிடங்களிலேயே முடிந்தன. லிங்கன் எல்லாக் கோப்புகளையும் வரவழைத்து ஆராயச் செய்து, பெரும்பாலோரை விலக்கினார். 39 பெயர்களைத் தன் கைப்பட எழுதி அனுப்பினார். ஒருவருக்குக் கடைசியில் விலக்குக் கிடைத்தது. டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ ஊரில் 38 பேர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் இதைவிடப் பெரிய கூட்டுத் தூக்கு இல்லை.

அதற்கு ஆறாம் நாள்தான் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதே கை. உங்கள் மகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை அணைக்க வேண்டாம். 265 உயிரைக் காத்தவர் என்பதையும் 38 உயிருக்கு ஒப்புதல் தந்தவர் என்பதையும் அவள் சேர்த்தே தூக்கிச் சுமக்கட்டும். அவளால் அது முடியும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து லிங்கன் கொலைக் காட்சியை நாடகமாகப் போடலாம் என்றிருக்கிறோம். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பட்டாசு வெடிக்கலாமா?
— பள்ளித் தாளாளர், காரைக்குடி

பட்டாசு வேண்டாம். கொலைக்கு மூன்று நாள் முந்தைய காட்சியைப் போடுங்கள். அதில்தான் கொலைக்கான காரணம் இருக்கிறது.

1865 ஏப்ரல் 9 அன்று தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். 11-ஆம் தேதி மாலை, வெள்ளை மாளிகையின் மேல்மாடி ஜன்னலில் லிங்கன் நிற்கிறார். கீழே புல்வெளியில் வெற்றிக் களிப்பில் கூட்டம். பக்கத்தில் ஒருவர் விளக்குப் பிடிக்கிறார். லிங்கன் வாசித்து முடித்த தாள்களை ஒவ்வொன்றாகக் கீழே நழுவவிட, அவர் காலடியில் இளைய மகன் டாட் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். உங்கள் வகுப்பிலேயே சின்னப் பையனுக்கு அந்த வேடம். கூட்டம் வெற்றி முழக்கத்தை எதிர்பார்க்கிறது. அவரோ லூசியானாவில் புது ஆட்சி அமைப்பது பற்றிப் பேசுகிறார். படித்த கறுப்பினத்தவருக்கும் போரில் நின்ற கறுப்பினச் சிப்பாய்களுக்கும் வாக்குரிமை தரவேண்டும் என்கிறார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒருவர் பொதுவெளியில் அதைச் சொன்னது அதுவே முதல் முறை.

கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத் இருந்தான். புகழ்பெற்ற நடிகன், அடிமைமுறை ஆதரவாளன். லிங்கனைக் கடத்த ஏற்கெனவே திட்டம் போட்டவன். கறுப்பருக்கு வாக்குரிமை என்று கேட்டதும், இதுதான் இந்த ஆள் பேசும் கடைசிப் பேச்சு என்று உடன் வந்தவனிடம் சொன்னான். அங்கே திரையைப் போட்டுவிடுங்கள்.

மிச்சத்தை ஒரு மாணவி மேடையோரம் நின்று சொல்லட்டும்: ஏப்ரல் 14, புனித வெள்ளி. ஃபோர்ட் நாடக அரங்கில் ஒரு நகைச்சுவை நாடகம். கூட்டம் எங்கே வாய்விட்டுச் சிரிக்கும் என்று பூத்துக்குத் தெரியும். அந்தச் சிரிப்பில் சுட்டான். ஓடிவந்த முதல் மருத்துவருக்கு வயது 23. எதிரே ஒரு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். உயரமான மனிதர், கட்டிலில் குறுக்குவாட்டில்தான் கிடத்த முடிந்தது. மறுநாள் காலை 7.22-க்கு உயிர் பிரிந்தது. நாடகக் கொட்டகையில் ஒரு பைத்தியக்காரன் சுட்டான் என்று சொல்லி முடித்தால், அந்த மனிதர் எதற்காக உயிரைக் கொடுத்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

லிங்கனுக்கு கென்னடி என்ற செயலாளர், கென்னடிக்கு லிங்கன் என்ற செயலாளர். என்ன ஒற்றுமை!
— வாசகர், நாகர்கோவில்

கென்னடிக்கு எவலின் லிங்கன் என்ற செயலாளர் இருந்தது மெய். லிங்கனின் செயலாளர்கள் நிக்கலே, ஹே. கென்னடி யாரும் இல்லை.

லிங்கன் இறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, வேதாரண்யம்

இல்லை கண்ணே. துணைத் தலைவராயிருந்த ஆண்ட்ரூ ஜான்சன் பதவிக்கு வந்தார். கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை தரும் 1866 சட்டத்தைத் தடுக்கப் பார்த்தார். நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. 1870-க்குள் சம பாதுகாப்பும் வாக்குரிமையும் அரசியல் சட்டத்தில் ஏறின. 1877-ல் தெற்கில் அந்த உரிமைகளைக் காத்து நின்ற ராணுவத்தின் கை விலகியது. அதன்பின் கறுப்பினத்தவருக்கு வாக்குச்சாவடிக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். அவை மெய்யாகத் திறக்க 1965 ஆயிற்று. அவர் ஜன்னலில் நின்று பேசி சரியாக நூறாண்டு.

இன்னொரு செய்தி. 1922-ல் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தைத் திறந்தபோது, பார்க்க வந்த கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்தார்கள். லிங்கனின் சிலைக்கு முன்னாலேயே. அந்த நினைவகத்தின் படிக்கட்டில் 1939-ல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடினார். 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் பேசினார். அந்தக் கட்டடத்துக்கு அர்த்தம் கொடுத்தவர்கள் அவர்கள்.

எங்கோ நடந்த உள்நாட்டுப் போருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.
— ஆசிரியர், கோவில்பட்டி

கரிசல் மண்ணில் நின்றுகொண்டு கேட்கிறார்கள்! லிங்கன் தெற்குத் துறைமுகங்களைக் கப்பற்படையால் மறித்தார். இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்றது. இந்தியப் பருத்தி விலை விண்ணுக்குப் போனது. பம்பாயில் பணம் புரண்டது. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்து, பங்குகளும் வங்கிகளும் மண்ணைக் கவ்வின. உங்கள் பக்கத்துப் பருத்தி 'தின்னவேலி' என்ற பெயரிலேயே இங்கிலாந்துச் சந்தையில் அறியப்பட்டது.

மனசைத் தொடும் சம்பந்தம் வேறு. 1873-ல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' என்ற மராத்தி நூலை எழுதினார். சாதிக் கொடுமையை அடிமைமுறை என்றே பெயரிட்ட நூல். அதை அவர் சமர்ப்பித்தது, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு. புனேயில் இருந்த ஒருவர் அந்தப் போரைத் தன் போராகப் பார்த்தார்.

எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு பாடவேளை, 40 நிமிடம். எங்கிருந்து தொடங்குவது?
— பட்டதாரி ஆசிரியை, ராமநாதபுரம்

அவருடைய சட்டைப் பையிலிருந்து.

சுடப்பட்ட இரவில் அவரிடம் இருந்தவை குடும்பத்திடமே இருந்தன. 1937-ல் பேத்தி வழியாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்தன. இரண்டு மூக்குக்கண்ணாடிகள். கண்ணாடி துடைக்கும் ஒரு பொருள். ஒரு பேனாக்கத்தி. ஒரு கைக்குட்டை. தோல் பர்ஸ். பர்ஸுக்குள் அவரைப் பாராட்டி வந்த பத்திரிகைத் துணுக்குகள் சில. அந்த நாட்டின் பணம் ஒரு சல்லிகூட இல்லை. தோற்றுப்போன தெற்கு அரசு அச்சடித்த ஐந்து டாலர் நோட்டு ஒன்று மட்டும் இருந்தது.

பட்டியலைப் பலகையில் எழுதுங்கள். யாருடையது என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். அவ்வளவு பெரிய மனிதர் பத்திரிகைத் துணுக்கை ஏன் மடித்து வைத்திருந்தார்? நாடு முழுக்க அவரைத் திட்டிய நான்கு ஆண்டுகளைச் சொல்லுங்கள். செல்லாத நோட்டு எங்கிருந்து வந்தது? பத்து நாள் முன்பு, ஏப்ரல் 4 அன்று, விழுந்துவிட்ட தெற்குத் தலைநகர் ரிச்மண்டில் மகன் டாடின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். அன்று பையனுக்கு 12-ஆவது பிறந்தநாள். அதுவரை அடிமைகளாயிருந்தவர்கள் தெருவெங்கும் சூழ்ந்துகொண்டார்கள். நோட்டு அந்தப் பயணத்தின் ஞாபகமாக இருக்கலாம்.

அப்புறம் அந்தக் கண்ணாடிகளில் ஒன்று. அதன் காது மாட்டும் கம்பி கழன்றிருக்கிறது. நூலால் கட்டி வைத்திருக்கிறார்.